பழைய படகு இன்ஜினில் ஓடிய வீட்டு சாமில்: நியூஃபவுண்ட்லாந்து மீனவர்கள் செய்தது எப்படி?

கடலுக்குப் போய்வந்த படகின் இன்ஜின் அது. வயதாகிப் போனதும் அதைக் கழற்றிக் கரைக்குக் கொண்டுவந்து, கனமான மரச்சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்கி, ஒரு பெல்ட்டை மாட்டி, வட்ட ரம்பத்தைச் சுற்ற விட்டால் என்ன ஆகும்? கேட்பதற்கு ஏதோ விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால், கனடாவின் கிழக்குக் கோடியில் உள்ள நியூஃபவுண்ட்லாந்து தீவில் வீடு, படகு, மீன் காயவைக்கும் பந்தல், படகுத்துறை என்று எத்தனையோ வேலைகளுக்குப் பலகை கிடைத்தது இந்த வழியில்தான்.

நியூஃபவுண்ட்லாந்து என்ற பெயர் தமிழர்களுக்குப் புதிதல்ல. 1986 ஆகஸ்ட் மாதம் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நடுக்கடலில் தத்தளித்த 155 இலங்கைத் தமிழர்களைக் கரை சேர்த்தவர்கள் இந்தத் தீவின் மீனவர்கள்தான். அந்த மீனவர்களின் முந்தைய தலைமுறைகள் படகு இன்ஜினை வைத்துக் கரையில் என்ன செய்தார்கள், அதில் இருக்கும் தொழில்நுட்பம் என்ன, ஆபத்து என்ன? இன்றைக்கு ஒருவர் அதைச் செய்து பார்க்க நினைத்தால் எது சரிவரும், எது சரிவராது?

சாமில்லுக்கு ஏன் படகு இன்ஜின்?

காரணம் எளிது. ஊரில் இருந்த ஒரே இன்ஜின் படகில்தான் இருந்தது.

நியூஃபவுண்ட்லாந்தின் மீனவ ஊர்கள் பெரும்பாலும் சின்னச் சின்னவை. கடல்வழியாகத்தான் போய்வர வேண்டும். பல ஊர்களுக்குச் சாலையும் மின்சாரமும் வந்து சேர 1960கள் ஆகிவிட்டன. கையில் பணப் புழக்கமும் கிடையாது. வணிகரிடம் கடனுக்கு மாவு, உப்பு, வலை, கயிறு எல்லாம் வாங்கிக்கொண்டு, சீசன் முடிந்ததும் உப்புக் கண்டம் போட்ட காட் மீனைக் கொடுத்துக் கணக்கை நேர் செய்வார்கள். நல்ல வருஷத்திலேயே கையில் மிஞ்சுவது கொஞ்சம்தான். பலகையைக் காசு கொடுத்து வாங்குவது எல்லோராலும் முடிகிற காரியமில்லை.

ஆனால் மரம் இருந்தது. கடற்கரையிலிருந்து மூன்று மைல் வரைக்கும் உள்ள அரசு நிலக் காட்டில் மீனவர்கள் தங்கள் தேவைக்கு வெட்டிக்கொள்ளும் வழக்கம் நீண்ட காலமாக இருந்தது. கோடையில் மீன்பிடி, குளிர்காலத்தில் காடு என ஒரே ஆளுக்கு இரண்டு வாழ்க்கை. வெட்டிய மரத்தைப் பனியின் மேல் குதிரையோ நாய்களோ பூட்டிய சறுக்கு வண்டியில் இழுத்து வருவார்கள்.

அப்புறம் அதைப் பலகையாக அறுக்க வேண்டுமே? அதற்கு ஆள் ரம்பம். மரத்தடியை உயரத்தில் கிடத்தி, மேலே ஒருவர், கீழே ஒருவர் நின்று நீண்ட ரம்பத்தை இழுப்பார்கள். கீழே நிற்பவருக்கு முகமெல்லாம் மரத்தூள். ஒரு படகுக்குத் தேவையான பலகையை அறுத்து முடிப்பதற்குள் தோள்பட்டை விட்டுப்போகும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் படகுகளுக்குப் பெட்ரோல் இன்ஜின் வரத் தொடங்கியதும் நிலைமை மாறியது. மீன்பிடி சீசன் முடிந்த பிறகு சும்மா கிடக்கும் இன்ஜினை ரம்பத்தில் பூட்டினால் என்ன என்ற யோசனை வர அதிக நாள் ஆகவில்லை. சிலர் இலையுதிர் காலத்தில் படகிலிருந்து கழற்றி, வசந்தத்தில் திரும்ப மாட்டினார்கள். வேறு சிலர், புது இன்ஜின் வாங்கிய பிறகு பழசை நிரந்தரமாக சாமில்லுக்கு ஒதுக்கினார்கள்.

அதென்ன 'மேக் அண்ட் பிரேக்'?

இந்தக் கதையின் நாயகன் அந்த இன்ஜின்தான். ஒற்றை சிலிண்டர், இரண்டு ஸ்ட்ரோக், பெரிய இரும்பு ஃப்ளைவீல், கையால் சுற்றி ஸ்டார்ட் செய்ய வேண்டும். அந்தக் கரையோரம் முழுக்க இதன் பெயர் 'மேக் அண்ட் பிரேக்'. நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் பிரிட்ஜ்வாட்டர் நகரில் 1908-ல் தொடங்கிய அகேடியா நிறுவனமும், அதே மாகாணத்தின் லூனன்பர்க் ஃபவுண்டரியும் தயாரித்தவை மிகவும் பிரபலம். ஃபவுண்டரியின் இன்ஜினுக்குப் பெயர் 'அட்லாண்டிக்'.

பெயருக்குக் காரணம் அதன் தீப்பொறி முறை. இன்றைய பெட்ரோல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் இருக்கும். இதில் அது இல்லை. சிலிண்டருக்கு உள்ளேயே இரண்டு உலோக முனைகள். ஒன்று அசையாது, மற்றொன்று அசையும். இரண்டும் தொட்டால் மின்சாரம் பாயும், அது 'மேக்'. சரியான நேரத்தில் சட்டென்று விலகினால் தீப்பொறி பறக்கும், அது 'பிரேக்'. ஒரு பேட்டரியும் ஒரு காயிலும் போதும். உப்புக் காற்றிலும் ஈரத்திலும் கெட்டுப்போகும் அளவுக்கு நுணுக்கமான பாகம் எதுவுமில்லை. முனையில் கரி பிடித்தால் சுரண்டிவிட்டு மறுபடி மாட்டலாம். மெக்கானிக் இல்லாத ஊருக்கு வேறென்ன வேண்டும்?

வேகம் ரொம்பக் குறைவு. சின்ன அளவு இன்ஜின்கள் பொதுவாக நிமிடத்துக்குச் சில நூறு சுற்றுதான் சுற்றும். "டப்... டப்... டப்..." என்று ஒவ்வொரு வெடிப்பையும் எண்ணிவிடலாம் போலிருக்கும்.

மெதுவாக ஓடுவதால்தான் இது பலசாலி என்று சிலர் சொல்வதுண்டு. அதில் பாதிதான் உண்மை. 8 குதிரைத்திறன் இன்ஜின் 500 ஆர்பிஎம்மில் ஓடினால், அதே திறனை 3,600 ஆர்பிஎம்மில் கொடுக்கும் நவீன சிறிய இன்ஜினைவிட அதன் திருப்பு விசை சுமார் ஏழு மடங்கு அதிகம்தான். ஆனால் புல்லி அளவை மாற்றினால் அந்த வித்தியாசம் மறைந்துவிடும். குதிரைத்திறன் குதிரைத்திறன்தானே! மேக் அண்ட் பிரேக்கின் நிஜமான பலம் அந்தக் கனத்த ஃப்ளைவீல். ரம்பம் ஒரு கணுவில் மாட்டித் திணறும்போது, ஃப்ளைவீலில் சேர்ந்திருக்கும் சுழற்சி அதைத் தாண்டவைத்துவிடும்.

படகில் ஓடியது கரையில் அப்படியே ஓடுமா?

ஓடாது. இங்கேதான் சிக்கலே. படகு இன்ஜின் கடலை நம்பி வடிவமைக்கப்பட்டது. கரைக்கு வந்ததும் கடல் செய்துகொண்டிருந்த வேலைகளை வேறு யாராவது செய்தாக வேண்டும்.

முதலாவது, குளிர்விப்பு. படகில் ஒரு சின்ன பம்ப் கடல்நீரை உறிஞ்சி, சிலிண்டரைச் சுற்றி ஓடவிட்டு, வெளியே தள்ளிவிடும். தீர்ந்தே போகாத குளிர்ந்த நீர் அது. கரையில் ஒரு பெரிய பீப்பாய் அந்த வேலையைச் செய்தது. பீப்பாயின் அடியிலிருந்து நீர் எடுத்து, சூடான நீரை மேலே திருப்பி விடுவார்கள். 200 லிட்டர் பீப்பாய் எவ்வளவு நேரம் தாங்கும்? 8 குதிரைத்திறன் என்றால் சுமார் 6 கிலோவாட். சிலிண்டர் சுவர் வழியாக நீருக்குப் போகும் வெப்பமும் ஏறக்குறைய அதே அளவோ கொஞ்சம் கூடுதலாகவோ இருக்கும் என்று வைத்துக்கொண்டால், 10 டிகிரியில் இருக்கும் நீர் 70 டிகிரியைத் தொட, முழுச்சுமையில் ஒன்றரை முதல் இரண்டேகால் மணி நேரம் ஆகும். மரத்தடியை மாற்றிவைக்கும் இடைவெளிகளையும் சேர்த்தால் அரை நாள் வேலைக்குக் கிட்டத்தட்டப் போதும்.

இதில் ஒரு லாபமும் உண்டு. கடல்நீர் அதிகம் சூடானால் உப்பு படிந்து நீர்ப்பாதை அடைத்துக்கொள்ளும். பீப்பாயில் நல்ல தண்ணீர் என்பதால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் பல வருஷம் கடலில் ஓடிய இன்ஜினுக்குள் ஏற்கெனவே துருவும் உப்பும் சேர்ந்திருக்கும். அதைச் சுத்தம் செய்யாமல் மாட்டினால், பீப்பாய் நிறைய நீர் இருந்தும் சிலிண்டர் கொதிக்கும்.

இரண்டாவது, வேகக் கட்டுப்பாடு. பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். தண்ணீரில் சுற்றும் புரொப்பல்லரின் வேகத்தை இரு மடங்காக்க ஏறக்குறைய எட்டு மடங்கு சக்தி வேண்டும். அதனால் இன்ஜின் தன் இஷ்டத்துக்கு வேகமெடுக்க முடியாது, கடல் நீரே பிரேக் மாதிரி பிடித்துக்கொள்ளும். ரம்பம் அப்படியில்லை. மரத்தில் இருக்கும்போது முழுச் சுமை, மரம் முடிந்த அடுத்த நொடி சுமையே இல்லை. தானாக வேகத்தைச் சமன் செய்யும் கவர்னர் என்ற பாகம் இந்தச் சின்னப் படகு இன்ஜின்களில் வழக்கமாக இருக்காது. அதனால் ஒருவர் இன்ஜின் பக்கத்திலேயே நின்று, தீப்பொறி விழும் நேரத்தை மாற்றும் நெம்புகோலைப் பிடித்துக்கொண்டு, ரம்பத்தின் சத்தத்தைக் கேட்டு வேகத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும். அவரும் சாமில்லின் ஒரு பாகம்தான்.

மூன்றாவது, சுற்றும் திசை. இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின் எந்தப் பக்கமும் சுற்றும். படகில் இது வசதி. இன்ஜின் நிற்கப்போகும் நேரத்தில் தீப்பொறியைக் கொடுத்து எதிர்த்திசையில் உதைக்கவிட்டு, கியரே இல்லாமல் படகைப் பின்னால் ஓட்டுவார்கள். சாமில்லில் இதே குணம் வில்லன். ஸ்டார்ட் செய்யும்போது தலைகீழாகக் கிளம்பிவிட்டால் ரம்பத்தின் பற்கள் மரத்தைக் கீழ்நோக்கி அழுத்துவதற்குப் பதில் மேலே தூக்கி எறியப் பார்க்கும். எனவே ரம்பம் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்க்காமல் மரத்தடியைப் பக்கத்தில் கொண்டுபோகவே கூடாது. இன்ஜின் நன்றாக ஓடும் திசையும் ரம்பத்துக்கு வேண்டிய திசையும் பொருந்தாவிட்டால், பெல்ட்டை எட்டு வடிவில் குறுக்காக மாட்டினால் போதும், திசை மாறிவிடும்.

நான்காவது, பேரிங். புரொப்பல்லர் தன் ஷாஃப்டை நீளவாட்டில் தள்ளும். பெல்ட் பக்கவாட்டில் இழுக்கும். பக்கவாட்டு இழுவைக்குத் தயாராகாத இன்ஜினில் பெரிய புல்லியை நேரடியாக மாட்டி, பெல்ட்டை முறுக்கிக் கட்டினால் பேரிங் ஒரு பக்கமாகத் தேயும். புல்லியைத் தனி ஷாஃப்டில் மாட்டி, அதன் இரு பக்கமும் பேரிங் கொடுத்து இன்ஜினோடு இணைப்பதுதான் நீடிக்கும் வழி.

புல்லிக் கணக்கு எப்படி?

வட்ட ரம்பத்துக்கு முக்கியம் அதன் விளிம்பு வேகம். மரம் அறுக்கும் பெரிய ரம்பங்களின் பல், நொடிக்குச் சுமார் 45 மீட்டர் வேகத்தில் போனால் நன்றாக அறுக்கும். 30 அங்குல ரம்பத்தை எடுத்துக்கொள்வோம். அதன் சுற்றளவு ஏறக்குறைய 2.4 மீட்டர். அப்படியானால் நிமிடத்துக்குச் சுமார் 1,125 சுற்று வேண்டும். இன்ஜின் ஓடுவதோ 500-ல். இன்ஜினில் 18 அங்குலப் புல்லி, ரம்பத்தின் ஷாஃப்டில் 8 அங்குலப் புல்லி போட்டால் 500ஐ 18ஆல் பெருக்கி 8ஆல் வகுக்க, சரியாக 1,125 வந்துவிடுகிறது.

30 அங்குல ரம்பம் என்றால் 30 அங்குல மரத்தை அறுக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். மையத்துக்கு மேலே இருக்கும் 15 அங்குலத்தில், ரம்பத்தைப் பிடித்திருக்கும் வளையத்துக்கும் மேஜைக்கும் போனது போக, கிடைப்பது 12 அங்குலம்தான். நியூஃபவுண்ட்லாந்தின் ஸ்ப்ரூஸ், ஃபிர் மரங்கள் பெரும்பாலும் பருமன் குறைந்தவை என்பதால் இதுவே அங்கே தாராளம்.

வேகம் கூடினால் நல்லதுதானே என்று கேட்கலாம். இல்லை. பெரிய ரம்பத் தகட்டைக் குறிப்பிட்ட வேகத்தில் நேராக நிற்கும்படி சுத்தியலால் தட்டிப் பதப்படுத்தியிருப்பார்கள். அந்த வேகத்தைத் தாண்டினாலும் சரி, ரொம்பக் குறைந்தாலும் சரி, தகடு தளர்ந்து ஆடும். பலகை கோணும், தகடு சூடாகும். அதிவேகத்தில் உடையவும் செய்யும்.

பெல்ட் விஷயத்திலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தட்டையான பெல்ட், ரம்பம் மாட்டிக்கொண்டால் வழுக்கும். அது குறையல்ல, பாதுகாப்பு. நீளமான பெல்ட் போட்டு இன்ஜினைத் தள்ளி வைத்தால் பிடிமானமும் கிடைக்கும், மரத்தூளும் சூடான சைலன்சரும் ஒன்றுக்கொன்று தூரமாகவும் இருக்கும்.

இன்றைக்கு ஒரு பழைய படகு மோட்டார் இருந்தால்?

அது எந்த வகை என்பதைப் பொறுத்தது. படகின் பின்பக்கம் தொங்கும் அவுட்போர்டு மோட்டார் என்றால், ஆசையை விட்டுவிடுவது நல்லது. அதன் கிராங்க் ஷாஃப்ட் செங்குத்தாக நிற்கும், வட்ட ரம்பத்தின் ஷாஃப்டோ படுக்கை வாட்டில். நடுவில் திசைமாற்றும் கியர் வேண்டும். முழுத் திறன் கிடைக்க 5,000 ஆர்பிஎம் அளவில் அலற வேண்டும். குளிர்விக்கும் பம்ப் அதன் கால் பகுதியில் இருக்கிறது. அதில் சுற்றும் ரப்பர் இம்பெல்லர் தண்ணீர் இல்லாமல் கொஞ்ச நேரம் ஓடினாலே கருகிவிடும். சுமை விலகினால் வேகம் எகிறும். காலைத் தண்ணீர் டிரம்மில் முக்கி ஓடவிடலாம்தான், ஆனால் எரிபொருள் செலவைப் பார்த்தால் பலகையைக் கடையிலேயே வாங்கியிருக்கலாம் என்று தோன்றும்.

படகுக்குள் பொருத்தும் டீசல் இன்ஜின் வேறு மாதிரி. டீசல் பம்பிலேயே கவர்னர் இருப்பதால் வேகம் கட்டுக்குள் நிற்கும். முன்பின் கியர் பெட்டியையும் சேர்த்து எடுத்தால் நியூட்ரல் கிடைக்கும். இன்ஜினை முதலில் ஸ்டார்ட் செய்துவிட்டு, பிறகு ரம்பத்தை இணைக்கலாம். ஆனால் அந்தக் கியர் பெட்டி பெரும்பாலும் வேகத்தைப் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைக்கும் என்பதைப் புல்லிக் கணக்கில் சேர்க்க வேண்டும். புகைக்குழாயிலும் கவனம் தேவை. படகில் புகையோடு தண்ணீரைக் கலந்து ரப்பர் குழாய் வழியாக வெளியேற்றுவார்கள். கரையில் தண்ணீர் கலக்காமல் அதே ரப்பர் குழாயை விட்டால் தீப்பிடிக்கும். சுற்றிலும் மரத்தூள் வேறு. இரும்புக் குழாய், தீப்பொறி தடுப்பான் இரண்டும் இங்கே கட்டாயம்.

ஆபத்து எங்கே?

மூடி இல்லாத ரம்பம், மூடி இல்லாத பெல்ட். பழைய வீட்டு சாமில்களின் படங்களைப் பார்த்தால் இரண்டும் கண்ணில் படும். தளர்ந்த சட்டைக் கையும் கையுறையும் பெல்ட்டில் சிக்கினால் ஆளையே இழுத்துவிடும்.

அதைவிட மோசமானது, அறுபட்ட மரம் பின்னால் பாய்வது. மரத்துக்குள் இருக்கும் இறுக்கம், அறுக்க அறுக்க விடுபடும். இரண்டு பாதியும் ஒன்றையொன்று நெருங்கி ரம்பத்தைக் கவ்விக்கொள்ளும். அடுத்த கணம் பின்பக்கப் பற்கள் பலகையை இயக்குபவரை நோக்கி வீசும். இதைத் தடுக்க ரம்பத்துக்குப் பின்னால், அதை ஒட்டி, ஒரு பிரிப்புத் தகடு நிற்க வேண்டும். அறுபட்ட பாதிகளை அது நெருங்கவிடாது. ஒரு துண்டு இரும்புத் தகடுதான், செலவே இல்லை. அது இல்லாத மில்லில் நின்று அறுப்பது புத்திசாலித்தனமல்ல.

இன்னொன்றும் இருக்கிறது. மேக் அண்ட் பிரேக்கின் மின்கம்பியைத் துண்டித்தால் தீப்பொறி உடனே நின்றுவிடும். ஆனால் ஃப்ளைவீல் நிற்காது. கணுவைத் தாண்ட உதவிய அதே சுழற்சி, ரம்பத்தை இன்னும் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே இருக்கும். சுவிட்சை அணைத்தாயிற்று என்று கையை நீட்டினால் விரல் போய்விடும். அதனால் சுவிட்சோடு, பெல்ட்டைத் தளர்த்தி ரம்பத்தைத் தனியாக நிறுத்தும் ஏற்பாடும் வேண்டும். மூடிய கொட்டகைக்குள் பெட்ரோல் இன்ஜினை ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைச் சாய்க்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். குளிருக்குப் பயந்து கதவைச் சாத்தும் ஊர்களில் இது கற்பனை ஆபத்தல்ல.

அந்த இன்ஜின்கள் இப்போது எங்கே?

நியூஃபவுண்ட்லாந்து 1949-ல் கனடாவோடு இணைந்தது. 1954 முதல் 1975 வரை நடந்த மறுகுடியேற்றத் திட்டங்களில் ஏறக்குறைய 300 ஊர்கள் காலியாகி, சுமார் 30,000 பேர் வேறு இடங்களுக்குப் போனார்கள். சிலர் தங்கள் மரவீட்டையே கடலில் மிதக்கவிட்டு இழுத்துச் சென்றார்கள். அதே காலத்தில் டீசல் இன்ஜினும் அவுட்போர்டும் மேக் அண்ட் பிரேக்கை ஓரங்கட்டின. பழையவை சில கரையிலேயே துருப்பிடித்தன, சில சாமில்லுக்கும், படகைக் கரையேற்றும் வின்ச்சுக்கும் போயின. 1992 ஜூலை 2-ம் தேதி காட் மீன்பிடிப்புக்குக் கனடா அரசு தடை விதித்தபோது, அந்தக் கரைகளில் "டப் டப்" சத்தம் ஏற்கெனவே அபூர்வமாகிவிட்டது.

இன்று அருங்காட்சியகங்களும் சேகரிப்பாளர்களும் இவற்றைப் பாதுகாக்கிறார்கள். வீட்டுத் தேவைக்கு மரம் வெட்டும் பழக்கம் அந்தத் தீவில் இன்னமும் உண்டு, ஆனால் அதற்கு அரசின் அனுமதிச் சீட்டு வேண்டும். சாமில் வைக்க உரிமமும் வேண்டும். மரத்தூளை ஓடையில் தள்ளிவிடவும் முடியாது, மீன்களின் வாழிடத்தைக் கெடுக்கும் என்பதால் கனடாவின் மீன்வளச் சட்டம் அதை அனுமதிப்பதில்லை.

பழைய மேக் அண்ட் பிரேக் ஒன்று கைக்கு வந்து, அதை ஓட்டிப் பார்க்க ஆசைப்படுபவர் முதலில் பார்க்க வேண்டியது சிலிண்டரைச் சுற்றியுள்ள இரும்பில் விரிசல் இருக்கிறதா என்பதைத்தான். குளிர்காலத்தில் ஒரே ஒரு ராத்திரி நீரை வடித்துவிட மறந்திருந்தால் போதும், உள்ளே உறைந்த பனிக்கட்டி விரிந்து வார்ப்பிரும்பைப் பிளந்திருக்கும்.